சாக்கடைக்கு டிக்கெட் கிடையாது

ஆன்லைன்ல தூண்டில் வாங்கிட்டியாமே, பேராண்டி. உங்கம்மா போன்ல சொன்னா. நீட்டுனா பன்னெண்டடி, மடக்குனா முழங்கை நீளமாம். கூடவே ரப்பர்ல செஞ்ச மண்புழு வேற குடுத்திருக்கானாம். ரப்பர் புழுவ நம்புற மீனு எந்த ஊருல இருக்கும்னு நான் ராத்திரி பூராம் யோசிச்சேன். ஹைதராபாத்துல இருந்தாலும் இருக்கும். அந்த ஊரு ஏரியில நெசப் புழு பொழைச்சுக் கெடந்தாத்தானே மீனுக்கு ருசி பேதம் தெரியும்?

கோவிச்சுக்காத ராசா. இந்தக் கெழவன் உசிலம்பட்டியத் தாண்டாதவன்னு நெனைச்சுறாத. வாலிபத்துல செகந்திராபாத்துல முறுக்குக் கம்பெனியில மாவு பிசைஞ்சவன் நான். தட்டைத் தலையில தூக்கிக்கிட்டு டேங்க் பண்டு ஏரிக்கரை மேல நடந்தவன். அதனால புத்தி சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. கேக்குறதும் கேக்காததும் உன் இஷ்டம். நீ லட்சத்துல சம்பளம் வாங்குறவன், நான் முதியோர் பென்சன் வாங்குறவன். கடைசித் தேதியில யாரு கையில காசு மிஞ்சுதுன்னு மட்டும் பாத்துக்க.

மொத சேதி. நம்ம பக்கத்துக் கண்மாயில மீனு பிடிக்க என்ன சட்டம் இருக்கு? பங்குனி சித்திரையில தண்ணி வத்தி முழங்காலுக்கு வரும். நாள் குறிச்சு ஊரு ஊருக்குச் சொல்லிவிடுவாக. விடியுறதுக்கு முந்தியே நாலு ஊரு சனமும் கரையில நிக்கும். ஊத்தா வச்சிருக்கவன் ஊத்தா, கச்சா வச்சிருக்கவன் கச்சா, ஒண்ணுமில்லாதவன் கொசுவலை. அதுவும் இல்லாதவன் கட்டுன வேட்டி. ஊருப் பெரியவரு கரையில ஏறி நின்னு வெள்ளைத் துண்ட வீசுவாரு. அம்புட்டுத்தான் சட்டம். துண்டு தோளுக்குத் திரும்புறதுக்குள்ள ஆம்பள, பொம்பள, பொடிசு எல்லாம் சேத்துக்குள்ள. அம்சம் உள்ளவனுக்கு வெராலு, அடுத்தவனுக்குக் கெண்டை, சோம்பேறிக்குச் சேறு. அன்னைக்கு ராத்திரி எந்தத் தெருவுல நடந்தாலும் ஒரே கொழம்பு வாசம்.

இந்தத் துண்ட ஹைதராபாத்துல போயி வீசிப்புடாத. செக்யூரிட்டி விசில் ஊதிக்கிட்டு ஓடி வருவான். "சார், இங்க துணி காயப்போடக் கூடாது"ம்பான்.

அங்க ஏரிக்கு எசமான் ஒருத்தன் இல்ல. தண்ணி ஒரு துறை கையில, கரையில உள்ள பூங்கா இன்னொரு துறை கையில, மேல ஓடுற படகு சுற்றுலாத் துறை கையில. உள்ள நீந்துற மீனு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. கவனி, இதுதான் உனக்கு முக்கியம். தெலங்கானாவுல செருவுங்குற ஏரிகள்ல மீன் பிடிக்கிற உரிமைய சங்கத்துக்குத்தான் குத்தகைக்கு விடுறாக. கங்கபுத்ரர், முதிராஜு, பெஸ்தன்னு தலைமுறையா அந்தத் தொழில்ல இருக்க சனம். யாரு உறுப்பினர், யாருக்கு எந்த ஏரின்னு அவுகளுக்குள்ளயே இழுபறி உண்டு. 2016 வாக்குல இருந்து அரசாங்கம் மீன்குஞ்ச இலவசமா வாங்கி ஏரிகள்ல விடுது. கட்லா, ரோகு, மிர்கால்னு குஞ்சு வளந்து, சங்கத்துக்காரன் வலையப் போட்டு வித்து, அவன் வீட்டுல அடுப்பு எரியணும். நடுவுல நீ போயி சனிக்கிழம சாயங்காலம் ரப்பர் புழுவத் தொங்கவிட்டா, உனக்கு அது பொழுதுபோக்கு. அவனுக்கு அது களவு.

அதனால ஒண்ணு செய்யி. தூண்டில வீட்டுல வச்சுட்டு, வெறுங்கையோட ஏரிக்கரைக்குப் போ. காலையில ஆறு மணிக்கு. உனக்கு அந்த மணி தெரியாது, போன்ல அலாரம் வச்சுக்க. போன தடவ உன் வீட்டுக்கு வந்திருந்தப்ப நான் அப்பிடித்தான் போனேன். ஒருத்தரு தண்ணிக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. சித்தரோன்னு பாத்தா, இல்ல. தெர்மாகோல் அட்டை ரெண்ட அடுக்கி, உரச்சாக்குக்குள்ள திணிச்சு, நைலான் கயித்தால குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டியிருக்காரு. அதுதான் படகு. ரெண்டு கையிலயும் ரெண்டு பலகைத்துண்டு. அதுதான் துடுப்பு. நரம்பு வலைய மடியில இருந்து முழம் முழமா தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டே போறாரு. பலகைத்துண்டு தண்ணியில படுற சத்தம்கூட கேக்கல.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம வைகை அணையில 2017-ல தண்ணி ஆவியாகாம இருக்கணும்னு தெர்மாகோல் அட்டைய ஒட்டி மிதக்க விட்டாகளே, நெனப்பிருக்கா? மந்திரி, கலெக்டரு, பொறியாளருக எல்லாம் கரையில நிக்க, அடிச்ச காத்துல அம்புட்டும் கரைக்கே திரும்பி வந்துருச்சு. நாடே சிரிச்சுச்சு. அதே தெர்மாகோல் மேல ஏறி உக்காந்து இந்த மனுசன் புள்ளைகளப் படிக்க வைக்கிறாரு. கரையேறுனதும் "அன்னா, சேப்பலு உன்னாயா?"ன்னு கேட்டேன். முறுக்கு விக்கக் கத்துக்கிட்ட தெலுங்கு, மீனுக்கும் பத்துச்சு. சாக்கைத் தொறந்து காட்டுனாரு. பாதிக்கு மேல ஜிலேபி மீனு. அரசாங்கம் விட்ட ரோகு கொஞ்சம். "நல்ல தண்ணியா இருந்தப்ப கொர்ரமீனு கெடச்சுச்சு"ன்னாரு. நம்ம வெராலத்தான் அங்க கொர்ரமீனும்பாக. அந்த மாநிலத்துக்கே மாநில மீனு அது. பட்டம் குடுத்தாக சரி, குடியிருக்க எடம்தான் குடுக்கல.

அந்த மாதிரி ஆளுகிட்ட ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பழகு. சங்கத்துல யாருகிட்டக் கேக்கணும், எந்தக் கரையில உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, எந்த ஏரி மீனத் திங்கவே கூடாதுன்னு அவரு சொல்லுவாரு. கடைசியாச் சொன்னேன் பாரு, அது உன் கூகுளுக்குத் தெரியாது.

சரி, மீனு வேணாம், படகுல போறேங்குறியா? போ. உசேன் சாகருக்குப் போ. அது இன்னைக்கு நேத்து வெட்டுனதில்ல. இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்துல, 1562 வாக்குல, உசேன் ஷா வலின்னு ஒருத்தரு முன்ன நின்னு கட்டுனது. ஒரு காலத்துல ஊரே அந்தத் தண்ணியத்தான் குடிச்சுச்சு. இப்ப லும்பினி பார்க்குல டிக்கெட் எடுத்து, ஆரஞ்சு கலர் சட்டைய மாட்டிக்கிட்டு, நடுவுல நிக்கிற புத்தரப் போயிப் பாத்துட்டு வரலாம். அந்தச் சட்டைய மாட்ட மாட்டேன், போட்டோவுல நல்லா இருக்காதுன்னு அடம் பிடிச்சேன்னு வையி, உங்கம்மாகிட்டச் சொல்லிருவேன்.

புத்தருன்னதும் நெனப்பு வருது. உசேன் சாகர்ல இதுவரைக்கும் தூக்குனதுலயே பெரிய மீனு எதுன்னு கேட்டா அவருதான். கணபதி ஸ்தபதி ஒரே கல்லுல செதுக்குன செலை. என்.டி.ராமராவ் முதலமைச்சரா இருந்தப்ப ஆரம்பிச்ச வேலை. 1990 மார்ச் 10-ந் தேதி மிதவையில ஏத்தி நடுத்தீவுக்குக் கொண்டுபோறப்ப, கரையில இருந்து கொஞ்ச தூரத்துலயே மிதவை சாஞ்சு, புத்தரு உள்ள போயிட்டாரு. கூட இருந்த ஆளுகளையும் தண்ணி கொண்டுபோயிருச்சு. அத நெனச்சா இன்னைக்கும் மனசு கேக்காது. நான் அப்ப முறுக்குத் தட்டோட அந்தப் பக்கந்தான் திரிஞ்சேன். ரெண்டேமுக்கால் வருசம் அடியில கெடந்தாரு. 1992 டிசம்பர் ஒண்ணாந்தேதி தூக்கி நிறுத்துனாக. பாரம் பாத்து மிதவை கட்டணும்ங்கிற கணக்க அன்னைக்கு யாரு தப்பாப் போட்டாகளோ, ஆனா படகுல ஏறுறப்ப நீ அந்தக் கணக்க மறந்துறாத. இருபது பேரு படகுல முப்பது பேரு ஏறுனா, முப்பதாவது ஆளா நீ ஏறாத. செல்ஃபி எடுக்குறவன் எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா, நீ எதிர்ப்பக்கம் உக்காரு.

இத்தனைக்கும் டிக்கெட். கரையில உக்கார டிக்கெட், படகுக்கு டிக்கெட், வண்டி நிறுத்த டிக்கெட். டிக்கெட் எடுக்காம ராப்பகலா உள்ள போயி வர்ற நாலு பேரு இருக்காக, பேரச் சொல்றேன் எழுதிக்க: கூக்கட்பள்ளி நாலா, பிக்கெட் நாலா, பஞ்சாரா நாலா, பல்காப்பூர் நாலா. நாலும் ஏரிக்குத் தண்ணி கொண்டுவந்த கால்வாய்க. இப்ப ஊருக் கழிவக் கொண்டுவருதுக. மூத்தவரு கூக்கட்பள்ளியாரு ஜீடிமெட்லா, பாலாநகர் பக்கத்துத் தொழிற்சாலைத் தண்ணியையும் சேத்துத் தோள்ல போட்டு வந்தவரு. சுத்திகரிப்பு நெலையம் கட்டுனாக, திருப்பிவிட்டாக, கோடி கோடியாக் கொட்டுனாக. இன்னும் வெயில் காலத்துல காத்து உன் பக்கம் திரும்புச்சுன்னா, அவுக வந்துட்டுப் போனது உனக்குத் தெரியும். நீ ஒரு ஆளு டிக்கெட் இல்லாம உள்ள போனா பிடிப்பாக. ஊரே சேந்து கொழாய் வழியாப் போனா ஒண்ணும் இல்ல. நம்ம வைகை மட்டும் என்ன யோக்கியமான்னு கேப்ப. மதுரைக்குள்ள அவ பட்ட பாட்டச் சொன்னா உனக்குச் சோறு எறங்காது, அத விடு.

இன்னொரு டிக்கெட் இல்லாத விருந்தாளி நம்ம பிள்ளையாரு. சதுர்த்தி முடிஞ்சு மேளதாளத்தோட வந்து எறங்குவாரு. மறுநாளே கிரேன் வச்சு அள்ளி லாரியில ஏத்துவாக. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் செலைய உசேன் சாகர்ல கரைக்கக் கூடாதுன்னு 2021-ல ஹைகோர்ட்டு சொல்லிச்சு. இந்த ஒரு தடவன்னு சுப்ரீம் கோர்ட்டு அந்த வருசத்துக்கு மட்டும் விட்டுக் குடுத்துச்சு. களிமண்ணுல பிடிச்சா கரைஞ்சுருவாரு, சோலி முடிஞ்சுது. கரைய மாட்டேங்குற சாமிய நாமதான செஞ்சோம்?

ஒரு நல்லதையும் சொல்லிருறேன், இல்லாட்டி கெழவன் வயித்தெரிச்சல்ல பேசுறான்னு சொல்லுவ. மழைக்காலத்துல அதே உசேன் சாகர்ல பாய்மரம் பறக்கும். ராணுவத்துக்காரவுக வருசா வருசம் போட்டி நடத்துறாக. ஹைதராபாத் யாட் கிளப்புல அரசுப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கும் பாய்மரம் ஓட்டக் கத்துக்குடுக்குறாக. அங்க இருந்து கெளம்புன பிரீத்தி கொங்கரா 2023-ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும் போயிருச்சு. சாக்கடை நாத்தத்துக்கு நடுவுல காத்த மட்டும் பிடிச்சு ஓட்டுற புள்ளைக அதுக. நீயோ ஏசி ரூம்ல உக்காந்து முதுகு வலிங்குற.

உன் ஆபீசுக்குப் பக்கத்துலயே துர்கம் செருவு இருக்கு. கோல்கொண்டாக் கோட்டைக்குத் தண்ணி குடுத்த ஏரி. பாறைகளுக்கு நடுவுல ஒளிஞ்சு கெடந்ததால ரகசிய ஏரின்னு பேரு. 2020-ல மேல கேபிள் பாலம் போட்டு, வெளக்குப் போட்டு, இப்ப ரகசியம் சிங்கப்பூருக்கே தெரியும். அங்கயும் படகு இருக்கு. படகுல உக்காந்து சுத்திப் பாத்தா கண்ணாடி மாளிகை. மாளிகையில உக்காந்து குனிஞ்சு பாத்தா படகு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பெருமூச்சு விட்டுக்குவாக. 2024 ஆகஸ்டுல, ஏரி எல்லைக்குள்ள வீடு இருக்குன்னு அந்தக் கரையில சுவத்துச் சுவத்துக்கு நோட்டீசு ஒட்டுனாக. பெரிய எடத்து வீடும் தப்பல.

குடிக்கிற தண்ணி ஏரின்னா காண்டிப்பேட்டை, அதான் உஸ்மான் சாகர். 1908 செப்டம்பர் 28-ல மூசி ஆறு பொங்கிப் பல ஆயிரம் சனத்த வாரிக்கிட்டுப் போச்சு. அப்சல்கஞ்சு ஆஸ்பத்திரித் தோட்டத்துல ஒரு புளியமரம். அதுல ஏறி நூத்தம்பது பேரு தப்பிச்சாக. மரம் இன்னும் நிக்குது, உஸ்மானியா ஆஸ்பத்திரிக்குள்ள போயிப் பாரு. அதுக்குப் பெறகுதான் நிஜாம் விசுவேசுவரய்யாவக் கூட்டியாந்து யோசனை கேட்டு, 1920-ல உஸ்மான் சாகர், 1927-ல ஹிமாயத் சாகர்னு ரெண்டு அணை எழும்புச்சு. ஒண்ணு அப்பன் பேருல, இன்னொண்ணு மகன் பேருல. காண்டிப்பேட்டைத் தண்ணி குடிச்சவன் ஹைதராபாத்த விட்டுப் போகமாட்டான்னு ஒரு பேச்சு உண்டு. நான் குடிச்சேன், முறுக்குக் கம்பெனி மொதலாளி சம்பளத்தப் பிடிச்சதும் வந்துட்டேன்.

அந்த ரெண்டு ஏரியச் சுத்திப் பத்துக் கிலோமீட்டருக்குள்ள தொழிற்சாலை, பெரிய கட்டடம் கூடாதுன்னு 1996-ல 111-ன்னு ஒரு அரசாணை போட்டாக. அத 2022-ல தளத்திவிட்டாக. அங்கிட்டு நெலம் வாங்கி வச்சிருந்தவுகளுக்கு அந்த நம்பரு மனப்பாடம். குடிக்கிறவனுக்குத்தான் எந்த நம்பரும் தெரியாது.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். உங்கம்மா இன்னொண்ணும் சொன்னா. ஏரியப் பாத்த மாதிரி ஃபிளாட்டு பாத்திருக்கியாம். காலையில எந்திரிச்சு பால்கனியில காபி குடிச்சுக்கிட்டே தூண்டில் போடலாம்னு தரகன் சொன்னானாம். முன்பணத்துக்கு நம்ம தென்னந்தோப்ப விக்கணும்னு உங்கப்பன் காதுல போட்டிருக்க. எனக்குக் கோவம் இல்ல. பேரன் கேட்டா தோப்பென்ன, தோலையும் உரிச்சுக் குடுப்பேன். ஆனா பத்திரத்துல விரல் வைக்கிறதுக்கு முந்தி ரெண்டு வேலை இருக்கு.

கலுங்கு தட்டித் தண்ணி ஓடுறப்ப கண்மாய் எம்புட்டுத் தூரம் பரவி நிக்குமோ, அந்தக் கோட்ட அங்க எஃப்.டி.எல்.னு சொல்றாக. அதுக்குள்ள ஒரு செங்கல் வைக்கக் கூடாது. பத்து ஹெக்டேருக்கு மேல உள்ள ஏரின்னா அந்தக் கோட்டுல இருந்து இன்னும் முப்பது மீட்டருக்குக் கட்டடம் கூடாது. சின்ன ஏரின்னா ஒம்பது மீட்டர். எச்.எம்.டி.ஏ.ங்குற பெருநகர வளர்ச்சிக் குழும ஆபீசுல ஏரி வாரியா வரைபடம் இருக்கு, போயிப் பாரு. பட்டா இருக்கு, பேங்க்காரன் கடன் குடுக்குறான்னு தரகன் சொன்னா தலையாட்டாத. தம்மிடிகுண்டா ஏரிக்கரையில நடிகர் நாகார்ஜுனாவோட என் கன்வென்ஷன் மண்டபத்த 2024 ஆகஸ்ட் 24-ந் தேதி ஏரி ஆக்கிரமிப்ப அகற்றுற ஹைட்ராக்காரவுக இடிச்சப்ப, பட்டா நெலந்தான், கோர்ட்டு ஸ்டே இருக்குன்னு அவரும்தான் சொன்னாரு. அவருக்கு வக்கீல் வைக்கக் காசு இருக்கு. உனக்கு இ.எம்.ஐ. இருக்கு.

அடுத்த வேலை அத விடச் சுளுவு. வரைபடத்த மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, சொன்னேனே, அந்தத் தெர்மாகோல்காரரப் போல ஒருத்தரத் தேடிப் பிடி. அந்த ஃபிளாட்டக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளு: "அன்னா, 2020 அக்டோபர் மழையில தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சு?" அந்த மாசம் குர்ரம் செருவுக் கரை ஒடைஞ்சுச்சு. அதே மாசம் டோலிசவுக்கி நதீம் காலனியில ஜனங்க மாடியில நிக்க, மீட்புப் படகு தெருவுக்குள்ள போச்சு. லும்பினி பார்க்குல கியூவுல நின்னு ஏறுற படகு, அன்னைக்கு வாசலுக்கே வந்து நின்னுச்சு. உசிரையும் சாமானையும் பறிகுடுத்தவுகளுக்கு அது ஒண்ணும் சவாரியாத் தெரிஞ்சிருக்காது.

அவரு ஒம் ஃபிளாட்டப் பாத்து, "அதோ, அந்த ரெண்டாவது பெட்ரூமு இருக்கே, அங்கதான் நான் வலை போடுவேன்"னாருன்னா, அவருக்கு நன்றி சொல்லிட்டு ஒரு கிலோ ரோகு வாங்கிட்டு வீட்டுக்குப் போ. அவரு கைய நீட்டி, "அங்கல்லாம் ஏறாது, மேடு"ன்னாருன்னா எனக்குப் போன் பண்ணு, யோசிப்போம்.

அது வரைக்கும் உங்கப்பன் பத்திரத்தத் தூக்கிக்கிட்டு வந்தா, என் மூக்குக்கண்ணாடியக் காணோம்னு சொல்லிருவேன். உங்க மாமன் போன வருசம் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தப்பவும் அது காணாமத்தான் போச்சு.